இறங்கிப் பார்த்தவர்

2010-ம் ஆண்டு, ஆனி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுவிடும். பால்வெட்டு நின்றால் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவதே சந்தேகம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலைதான் வரவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா லாரி மோதி இறந்தவர். பால்வெட்டுத் தொழிலாளி. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு சைக்கிளில் தோட்டத்துக்குப் போனவரை, பாறை லோடு ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் தட்டிவிட்டுப் போய்விட்டது. நிற்கவில்லை. ரோட்டோர ஓடைக்குள் கிடந்தவரை, சொசைட்டிக்குப் பசும்பால் கொண்டுபோன ஒருவர் பார்த்தபோது நன்றாக விடிந்திருந்தது. உயிர் இருந்தது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் 'கொஞ்சம் முன்னால்' எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்து போகவே இல்லை.

அது எந்த வண்டி, ஓட்டியது யார், இன்றுவரை தெரியாது. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், கொட்டையின் தோடு உடைக்கிறவர். அங்கிருந்து கறுத்த விரல்களோடு வந்து, குளித்து, சாயங்கால ஜெபத்துக்கு முழங்காலிடுவார். என்னையும் தங்கையையும் பற்றிச் சொல்லி முடித்ததும், கடைசியில் அந்த லாரிக்காரன் வந்துவிடுவான். "நியாயம் செய்யும் ஆண்டவரே" என்று மட்டும்தான் சொல்வார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் நமக்கே முதுகு சில்லிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் லாரி ஓட்டப் போவானா என்று பலர் கேட்டார்கள். சுற்றிலும் பாறைக் குவாரிகள். மழையோ வெயிலோ, எங்கள் ரோட்டில் ஓயாமல் ஓடுவது லாரிகள் மட்டும்தான். எனக்குத் தெரிந்த வேலை பால்வெட்டும் வண்டி ஓட்டுவதும். இதுதான் எல்லோரிடமும் நான் சொன்ன பதில். யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருந்தது. லாரிக்காரர்களோடு பழகினால், என்றாவது ஒருநாள் ஏதோ ஒரு டீக்கடையில் ஒருவன் வாய்தவறி அந்த வளைவைப் பற்றிச் சொல்வான், அவன் கழுத்தை நான் பிடிப்பேன் என்று மனதின் ஒரு மூலையில் நினைப்பு.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் புதுக்கடைப் பக்கம் ஒரு லாரி முதலாளியிடம் ஓட்டுநராக இருந்தான். அங்கே புதிதாக ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் சொல்லி, சனிக்கிழமை நேரில் வரச் சொன்னான். முதலாளி என்னென்ன கேட்பார் என்பதையும் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தான். காலையில் வண்டி எடுக்கும்முன் என்னென்ன பார்ப்பாய், பிரேக்குக்குக் காற்று ஏறாவிட்டால் என்ன செய்வாய், களியக்காவிளை செக்போஸ்ட்டில் எந்தக் காகிதங்களைக் காட்ட வேண்டும், லோடு வண்டியை இறக்கத்தில் எந்தக் கியரில் விட வேண்டும். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொண்ணு கேப்பாரு மக்கா. வண்டியில ஒரு ஆளு பட்டுட்டா நீ என்ன செய்வேன்னு. இறங்கிப் பாப்பேன்னு மட்டும் சொல்லிராத. நிப்பாட்ட மாட்டேன், நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டு வண்டியோட சரண்டர் ஆவேன், அங்கேந்து உங்களுக்கு போன் போடுவேன். இப்பிடிச் சொல்லணும், கேட்டியா? போன மாசம் ஒருத்தன் இறங்குவேன்னு சொன்னான். அப்பவே திருப்பி விட்டாச்சு."

எனக்கு எதிரில் இருந்த டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு என் அப்பா விஷயம் தெரியும். தெரிந்தும் சொல்கிறான் என்றால் வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்கிறான். என் அப்பாவைத் தட்டியவனுக்கும் ஏதோ ஒரு டீக்கடையில் யாரோ ஒருவன் இதே அக்கறையோடு இதைச் சொல்லித் தந்திருப்பான் என்று அப்போது தோன்றியது. தோன்றியதும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டில் நடந்த ஒத்திகையில் தங்கைதான் முதலாளி. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ஓய், உமக்கு எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் உண்டும்?" என்று மிரட்டினாள். மினி டெம்போ ஓட்டியதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். "அதெல்லாம் வண்டியா வேய்? ஆட்டுக்குட்டி" என்றாள். அன்று வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வேற என்ன கேப்பாரு அண்ணா?" என்றாள். "அவ்வளவுதான்" என்றேன்.

அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலைத் தனியாகத்தான் பழக வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். முதல்முறை 'நிப்பாட்ட' என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிட்டது. இரண்டு மூன்று முறை சொன்னதும் நாக்குக்குப் பழகிவிட்டது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒருமுறை சத்தமாக, "நிப்பாட்ட மாட்டேன் முதலாளி, நேரா ஸ்டேஷனுக்கு விடுவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், குடத்தோடு அம்மா நிற்கிறார்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்பிடியா சொல்லணும்?"

"ஆமாம்மா. இல்லேன்னா வேலை தரமாட்டாராம்."

அம்மா தரையைப் பார்த்தபடியே, "அப்பிடியே சொல்லு மக்களே" என்றார். "நீ நிக்கண்டாம். நிண்ணா உன்னை அடிச்சுக் கொன்னு போடுவினும். எனக்கு இன்னும் ஒருத்தரை ரோட்டுக்குக் குடுக்க வய்யா, என்னால முடியாது."

சொல்லிவிட்டு, நீர் இறைக்காமலே வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய ஜெபத்தில் அந்த லாரிக்காரனைப் பற்றிய வரி வந்தபோது அவர் குரல் தடுமாறியது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மழை வெறித்திருந்தது. தங்கை தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மார்த்தாண்டத்தில் பஸ் மாறி புதுக்கடைப் பக்கம் போய் இறங்கினேன். தென்னந்தோப்பு ஒன்றை வெட்டித் திருத்தி லாரி நிறுத்தும் இடமாக்கியிருந்தார்கள். நாலைந்து டாரஸ் லாரிகள் சேற்றில் நின்றன. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். கைலியும் பனியனும். அவரும் ஒருகாலத்தில் ஓட்டுநராக இருந்தவராம்.

முதலில் வண்டியை எடுக்கச் சொன்னார். வெறும் வண்டிதான். மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, திருப்பிக் கொண்டுவந்து, குறுகலான வாசல் வழியாகப் பின்பக்கமாக உள்ளே ஏற்றினேன். வாசல் தூணில் உரசாமல் ஒரே முயற்சியில் ஏறிவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் 'உக்காரு' என்று ஸ்டூலைக் காட்டினார். என் பள்ளிக் கூட்டாளி சொன்ன கேள்விகள் ஏறக்குறைய அதே வரிசையில் வந்தன. தங்கை புண்ணியத்தில் தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"வண்டியில ஒரு ஆளு பட்டாச்சு. என்ன செய்வ?"

"நிப்பாட்ட மாட்டேன் முதலாளி. நேரா ஸ்டேஷனுக்கு விட்டு சரண்டர் ஆவேன். அங்கேந்து உங்களுக்கு போன் போடுவேன்."

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்திருந்த லைசென்ஸ் நனைவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. துடைக்கத் துடைக்க வருகிறது. இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை, வேலை கேட்டு வந்த இடத்தில் இப்படி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

"என்னடே?" என்றார். சொன்னேன். வளைவு, ஓடை, சைக்கிள், எல்லாம் சொன்னேன்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "நான் இந்தக் கேள்வி கேக்கது மனசாட்சி இல்லாம இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, தோப்பின் மறுபக்கம் டயருக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "இவன் எனக்க வண்டியில பதினஞ்சு வருஷம் ஓட்டுனவன். இறங்கிப் பாத்தவன். இவன்கிட்ட கேளு."

வந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. இடது கண் இருந்த இடம் குழிந்து மூடியிருந்தது. தாடை ஒருபக்கம் கோணியிருந்ததால் பேச்சும் கொஞ்சம் குழறியது. முதலாளி விஷயத்தைச் சொன்னதும், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்தக் கதையைப் பலமுறை சொல்லிச் சலித்தவர் போல இருந்தது முகம். என் அப்பாவைப் பற்றி நான் சொன்னதும்தான் அந்தச் சலிப்பு போயிற்று.

வெளி மாவட்டத்தில் ஒரு கிராமத்து ரோடு, நல்ல பகல் நேரம். தலையில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்திருக்கிறார். கட்டு மறைத்ததில் வண்டி வருவதைப் பார்க்கவில்லை. இவர் பிரேக்கை மிதித்தும் வண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் இறங்கி ஓடி, பெரியவரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்திருக்கிறார்.

"பேசினாரா?" என்று கேட்டேன். இதைத்தான் நாங்கள் நான்கு வருடமாக, அப்பாவை ஓடையில் பார்த்த அந்தப் பால்காரரிடம் கேட்டுக் கேட்டு, அவர் எங்களைக் கண்டாலே வழி மாறிப் போகும்படி ஆக்கியிருந்தோம்.

"வெள்ளம் கேட்டாரு" என்றார். எங்கள் பக்கத்தில் குடிநீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். "கேபின்ல குப்பி இருந்து. குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு. பொறவு, கன்னுக்குட்டிய வெயில்லேந்து மாத்திக் கெட்டணும், வீட்டுல சொல்லிருன்னாரு. செரி, சொல்லுகேன்னேன். எனக்க கையப் பிடிச்சிட்டுக் கிடந்தாரு. அப்பிடியே போயிட்டாரு."

மேலே நான் கேட்காமல் அவரே சொன்னார்.

"ஆளு கூடிட்டு. எல்லாத்துக்கும் முந்தி அடிச்சது அவருக்க மகன். உனக்க வயசுதான் இருக்கும். வண்டியில கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துத்தான் அடிச்சான். கன்னுக்குட்டி காரியத்தை நான் அவன்கிட்டதான் சொன்னேன். அடிக்கதுக்கு இடையில சொன்னேன். அவன் காதுல விழுந்துதா இல்லியா, அது எனக்குத் தெரியாது."

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ முறிந்தது. அதுவரை நான் அந்தப் பெரியவரை என் அப்பாவாக நினைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த மகன் யார்? நான்தான். சந்தேகமே இல்லை. எங்கள் வளைவில் அந்த லாரிக்காரன் நின்றிருந்தால், இறங்கியிருந்தால், என் அப்பாவின் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்திருந்தால், ஓடிப்போய் முதல் அடி அடித்தவன் நானாகத்தான் இருந்திருப்பேன். கேட்டிருக்கவே மாட்டேன். அவன் மடியில் இருக்கும் தலை என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நான்கு வருடமாக அவன் கழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவன்தானே நான்? அவனை நிற்கவிடாமல் ஓட வைத்தது என்னைப்போல யாரோ ஒரு மகனைப் பற்றிய பயம்தானோ?

"இன்னொரு தடவ நடந்தா நிப்பாட்டுவியளா அண்ணே?"

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "தெரியாது தம்பி. அன்னைக்கு யோசிச்சா நிப்பாட்டுனேன்? காலு நிப்பாட்டிச்சு. அவனுவ மேல எனக்கு இப்பவும் கோவம் உண்டு. எனக்க பிள்ளையளு எனக்க முகத்தப் பாக்கப் பயந்து பேடிச்ச நாளு உண்டு. ஆனா அந்தப் பெரியவருக்க கை பிடிச்சது..." என்று தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து டயர் பக்கம் போய்விட்டார்.

முதலாளி என் லைசென்ஸை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா ஓட்டுற. ஆனா இப்போ வேண்டாம். ஒவ்வொரு வளைவுலயும் உனக்க அப்பன் கிடப்பாரு. அந்த மனசோட லோடு வண்டி எடுத்தா இன்னொருத்தன் குடும்பம் போவும். ஒரு வருஷம் கழிச்சு வா" என்றார். கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. சேற்றில் செருப்பு ஒட்ட ஒட்ட நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். திரும்பிப் போகிற வழியெல்லாம் எதிரில் வந்த ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். முதல்முறையாக, பிடிக்க வேண்டிய கழுத்தைத் தேடாமல் பார்த்தேன்.

வீட்டில் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னதும் தங்கை உள்ளே போய்விட்டாள். அம்மாவிடம் அந்தக் கண் போனவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா குறுக்கே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெள்ளம் குடிச்சாரா?"

"ரெண்டு வாய் குடிச்சாராம்மா."

சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் நேத்து சொன்னதை மனசுல வைக்காத மக்களே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த மனுஷனுக்க கண்ணும் போச்சே" என்றார்.

அன்று ஜெபத்தில் எங்களுக்காகச் சொல்லி முடித்தபின், கண் போன அந்த மனுஷனுக்காக என்று ஆரம்பித்தார். வழக்கமான அந்தக் கடைசி வரி வர வேண்டிய இடத்தில் ஆமென் என்று சொல்லிவிட்டார். பிறகு வந்த நாட்களில் அந்த வரி சில நாள் திரும்பி வந்தது, சில நாள் வரவில்லை.

மறுவருடம் நான் வேறொரு முதலாளியிடம் சேர்ந்தேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்றுவரை என் வண்டியில் யாரும் அடிபட்டதில்லை. அப்படியொரு நாள் வந்தால் என் கால் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது. நிறுத்துவேன் என்று பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் சில வருடங்களுக்குப் பிறகு இன்னொன்று நடந்தது. நான் ரோட்டோரம் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மாவை வேன் ஒன்று தட்டிவிட்டது. வேன்காரப் பையன் நிறுத்தி, இறங்கி, அந்த அம்மாவின் அருகே முழங்காலிட்டு 108-க்கு போன் செய்துகொண்டிருந்தான். கடையிலிருந்து ஒரு இளைஞன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். மகன். வரும் வழியிலேயே கல்லை எடுத்துவிட்டான். நான் எச்சில் கையோடு ஓடி அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். முழங்கையால் என் முகத்தில் இடித்தான், கடித்தான், என் தாயைப் பற்றிச் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னான். விடவில்லை. "அம்மைக்க கையப் போயிப் பிடி மக்கா, முதல்ல அதச் செய்யி" என்று அவன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கல் கீழே விழுந்தது. அவன் போய் உட்கார்ந்தான். வேன்காரப் பையன் ஒரு கையையும் அவன் ஒரு கையையும் பிடித்திருக்க, ஆம்புலன்ஸ் வந்தது.

அந்த அம்மா பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. என் பல்லில் ஒன்று அன்று போனதுதான் மிச்சம். இடித்தவன் நிற்பதற்கும், ஓடி வருகிறவன் அவனை நிற்க விடுவதற்கும் நடுவில்தான் ரோட்டில் கிடப்பவரின் உயிர் இருக்கிறது என்று, வேலை கேட்டுப் போன அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் கூட்டம் கூடியிருக்கும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டி, முதலில் அடிபட்டவரையும் அடுத்ததாக ஓட்டி வந்தவரையும் தேடுகின்றன என் கண்கள்.